நர்ஸ் மாணவியரின் சுபாவமும் கூட்டுப் படிப்பும்

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மனோதத்துவ வைத்தியர் கேரன் ஹார்னி, மனிதர் பிறரோடு பழகும் விதத்தை, 1945-ல் வெளியிட்ட நூலொன்றில் மூன்று போக்குகளாக வகுத்துக் காட்டினார்: பிறரை அண்டி அன்பை நாடுவது ஒன்று, எதிர்த்து மேலோங்க முயல்வது ஒன்று, விலகி நிற்பது ஒன்று. மனக்கோளாறு உற்றவர்களை ஆராய்ந்து அவர் கண்ட பாகுபாடு இது. ஆயினும் எல்லாரிடமும் இம்மூன்றும் ஏற்றத்தாழ்வுடன் கலந்தே இருக்கின்றன. நர்ஸிங் கல்லூரி விடுதியில், பரீட்சைக்கு முந்திய இரவுகளில் நாலைந்து பேராகக் கூடிப் படிக்கும் மாணவியரிடையே இப்பேதங்கள் நன்கு புலப்படும்.

மேலோங்க விரும்புகிறவள் விவாதத்துக்கு உயிரூட்டுகிறாள். பிறருக்குப் பேச இடம் விடாதவளும் அவளே. விலகி நிற்பவள் ஆழ்ந்து கற்றிருந்தாலும் அவள் கற்றது தோழிகளுக்கு எட்டுவதில்லை. இவ்விருவரையும்விட எனக்குக் கவலையளிப்பவள், எல்லாராலும் மெச்சப்படும் அந்த முதல்வகை மாணவிதான். தோழிகளுக்குக் குறிப்பெழுதிக் கொடுத்து, தன் தூக்கத்தைத் துறந்து அவர்களுடைய சந்தேகங்களைத் தீர்த்துவைக்கும் அவள், சீனியர் அக்கா சொல்லும் மருந்தளவு தவறென்று மனத்துக்குப் பட்டாலும், அவர் மனம் நோகுமே என்று அஞ்சி வாய் திறவாள்.

1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கிய காலந்தொட்டு, பணிவே நர்ஸின் முதல் இலட்சணமாகப் போற்றப்பட்டு வந்திருப்பதால், இந்த மௌனம் குறையாகவே தோன்றுவதில்லை. ஆனால் இன்சுலின் போன்ற அபாயகரமான மருந்துகளை இரு நர்ஸுகள் தனித்தனியே கணக்கிட்டுச் சரிபார்க்கும் வழக்கம் பல ஆஸ்பத்திரிகளில் உண்டு. இரண்டாமவள் மறுத்துப் பேசத் தெரியாதவளாயின் அந்தச் சோதனையால் நோயாளிக்கு என்ன பாதுகாப்பு?

நோயாளியுடன் கொள்ளும் உறவே சிகிச்சையின் அம்சம் என்றும், தன் நடத்தையைத் தானே அறிந்துகொள்ளாத நர்ஸ் பிறருக்கு முழுமையாக உதவ இயலாதென்றும் அமெரிக்க நர்ஸ் ஹில்டகார்ட் பெப்லாவ் 1952-ல் வெளிவந்த தம் நூலில் வற்புறுத்தினார். டாக்டர் ஒருவரின் துணையின்றி நர்ஸ் ஒருவர் தனித்து எழுதிய நூலை வெளியிட அக்காலத்தில் இருந்த தயக்கத்தால், அதன் பிரசுரமே சில ஆண்டுகள் தாமதமாயிற்று என்பது சிந்திக்கத்தக்கது.

ஆகவே டியூட்டர்கள் படிப்புக் குழுக்களைச் சிநேகத்தின் போக்கிலேயே விட்டுவிடாமல், வாரந்தோறும் பொறுப்புகளை மாற்றியமைத்து, நோயாளியின் விவரத்தை எடுத்துரைக்கும் வேலையை விலகி நிற்பவளுக்கும், கேட்டுக் குறிப்பெடுக்கும் வேலையை மேலோங்குபவளுக்கும் அளித்து, இணங்கிப் போகிறவளை மட்டும் ஒவ்வொரு கணக்கிலும் பிழை தேடிச் சொல்லும்படி, அதுவும் சீனியர்களின் எதிரிலேயே சொல்லும்படி, பழக்குவது அவசியம்.