ஒளிரும் சாம்பல்

மின்கல விளக்குகள் பரவுவதற்கு முன்னர், வாழைச்சேனைக் களப்பில் இரவு மீன்பிடிக்கச் சென்ற தோணிகளுக்குப் பெற்றோமாக்ஸ் விளக்குத் துணையாயிருந்தது. கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் அதன் வெள்ளொளியே இருளை ஓட்டிற்று. அவ்வொளியைத் தந்தது மண்ணெண்ணெய்ச் சுவாலையன்று. சுவாலையால் வெம்மையுறும் மேன்டில் என்னும் வலைப்பையே ஆகும்.

புதிய மேன்டில் தோரியம், சீரியம் ஆகிய உலோகங்களின் உப்புக் கரைசலில் தோய்த்து உலர்த்தப்பட்ட துணியாகும். முதன்முறை கொளுத்தும்போது துணி எரிந்துபோக, தோரியமீரொட்சைட்டாலான சாம்பற்கூடு எஞ்சும். ஏறத்தாழ 3,300 பாகை செல்சியசு வரை உருகாத இப்பொருள், நூற்றுக்கு ஒரு பங்கு சீரியவொட்சைட்டுடன் சேர்ந்து கண்ணைப் பறிக்கும் ஒளியைத் தருகின்றது. இவ்விகிதத்தை 1891 இல் கண்டவர் ஒஸ்திரிய நாட்டவரான ஔவர் வொன் வெல்ஸ்பாக் ஆவார்.

இச்சேர்வைக்கும் இலங்கைக்கும் நெருங்கிய தொடர்புண்டு. சபரகமுவப் பகுதியிற் கிடைத்து, ஆனந்த குமாரசுவாமியின் ஆய்வுக்குட்பட்ட பாரமான கரும்பளிங்குகள், 1904 இல் தோரியனைற்று எனப் பெயர் பெற்றன. அவற்றின் பெரும்பகுதி தோரியமீரொட்சைட்டே. அடுத்த ஆண்டில், இலண்டனில் இக்கனிப்பொருளிலிருந்து பெற்ற பொருளை ஆராய்ந்த ஒட்டோ கான், இரேடியோதோரியத்தைக் கண்டுபிடித்தார்.

தோரியமீரொட்சைட்டு நீரிற் கரையாது. வேறு பொருள்களுடன் எளிதிற் தாக்கமுறாது. ஆயினும் அது கதிர்த்தொழிற்பாடு உடையது. அது வீசும் அல்பாக் கதிரை நமது தோலே தடுத்துவிடும். ஆனால் தூளாகி உடலினுள் புகுந்தால் நிலைமை வேறு. 1930 ஆம் ஆண்டளவிலிருந்து, எக்ஸ் கதிர்ப் படங்களில் இரத்தக் குழாய்களைத் தெளிவாகக் காட்டுவதற்காக, இதனைத் தோரோத்திராசு என்ற பெயரில் நோயாளருக்கு ஊசிமூலம் ஏற்றினர். ஏறியது வெளியேறவில்லை, ஈரலிலும் மண்ணீரலிலும் படிந்து கிடந்தது. பல ஆண்டுகள் கழிந்தபின் அவர்களுட் பலருக்கு ஈரற் புற்றுநோய் தோன்றியது. கரையாமை என்ற குணம், அவசரத்திற் பார்த்தவர்களுக்குப் பாதுகாப்பாகத் தோன்றிற்று; உண்மையில் அதுவே கேடாயிற்று.

இக்காலத்து மேன்டில்கள் பலவற்றில் தோரியத்துக்குப் பதிலாக இற்றியம் இடம்பெறுகின்றது. எனினும் பழைய சரக்கில் தோரியம் இருக்கலாம். ஆகவே புதிய மேன்டிலை வெளியிடத்தில் வைத்துக் கொளுத்தி, முதற்புகையினின்றும் விலகி நிற்றல் வேண்டும். உடைந்த கூட்டை வாயால் ஊதலாகாது. ஈரத்துணியால் ஒற்றியெடுத்துப் பின்னர் கைகழுவுதல் நன்று. பிள்ளைகளின் கைக்கு அதனை எட்டவிடலாகாது. எரியும் விளக்கைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. உதிரும் சாம்பலிலேயே கவனம் வேண்டும்.