கை சிறிதென்று கலங்க வேண்டாம்

காவிரியின் கீழ்க்கரையில், ஈரோட்டுக்கு எதிரே அமைந்துள்ள பள்ளிபாளையத்தில் விசைத்தறியின் ஓசை ஓயாத தெருக்கள் பல உண்டு. அத்தகைய தெருவொன்றில் வாழும் தாய் ஒருவர், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கான பாடல் ஒத்திகை முடிந்த ஒரு மாலையில், தம் ஒன்பது வயது மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். சிறுமியின் முகத்தில் ஆவல். தாயின் முகத்தில் தயக்கம்.

"பாப்பா கிட்டார் கத்துக்கோணும்னு ஆசைப்படறாளுங்கய்யா. எனக்குச் சொன்ன மாதிரி, கை பத்தாதுன்னு இவளுக்கும் சொல்லிப்போடாதீங்க" என்றார் அவர்.

அச்சொல் என்னைச் சுட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், பாடற்குழுவில் பாடிக்கொண்டிருந்த சிறுமியாக அவர் என்னிடம் வந்து நின்றதும், அவருடைய கையைப் பிடித்துப் பார்த்து, "இந்தக் கைக்குக் கிட்டார் எட்டாது, நீ பாடினால் போதும்" என்று நான் சொல்லி அனுப்பியதும் நினைவுக்கு வந்தன. ஒரு நொடியில் சொல்லி மறந்துவிட்ட சொல்லை அவர் இருபது ஆண்டுகள் சுமந்திருக்கிறார். அன்று நான் அவருடைய கையைப் பார்த்தேனே தவிர, அக்கையில் கொடுத்த கருவியின் அளவைப் பார்க்கவில்லை. நம் குடும்பங்களில் இதே சொல்லைக் கேட்ட பிள்ளைகள் பலர் இருக்கக்கூடும். ஆகவே இது பற்றிச் சற்று விரிவாக எழுத விழைகிறேன்.

கருவியின் கணக்கு

கிட்டாரின் தந்தி இரண்டு தாங்கிகளின் மேல் கிடக்கிறது. ஒன்று தலைப்பக்கத்தில் உள்ள சிறு கட்டை. மற்றொன்று உடற்பெட்டியின் மேல் உள்ள குதிரை. இவ்விரண்டுக்கும் இடையே அதிரும் தந்தியின் நீளம், பெரியவர்களுக்கான முழு அளவுக் கிட்டாரில் சுமார் 65 சென்டிமீட்டர். கழுத்தின் குறுக்கே பதிக்கப்பட்ட உலோகக் கம்பிகளை வீணையில் உள்ளது போலவே மெட்டுகள் என்போம். இம்மெட்டுகள் சம இடைவெளியில் அமைந்தவை அல்ல. தலைப்பக்கத்தில் இடைவெளி அகலம். உடலை நெருங்க நெருங்கக் குறுகும். பன்னிரண்டாம் மெட்டு சரியாகத் தந்தியின் நடுவில் வரும்.

இதனால் விளைவது என்ன? முதல் மெட்டில் சுட்டுவிரலும் நான்காம் மெட்டில் சுண்டுவிரலும் வைக்க வேண்டுமானால், முழு அளவுக் கிட்டாரில் அவற்றிடையே ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் விரிவு வேண்டும். அதே நான்கு விரல்களை ஐந்தாம் மெட்டிலிருந்து எட்டாம் மெட்டுவரை வைத்தால் 8 சென்டிமீட்டருக்கும் குறைவான விரிவே போதும். ஆயினும் நாம் குழந்தையின் முதல் பாடத்தை எங்கே தொடங்குகிறோம்? மிக அகலமான முதல் மெட்டில்! எட்டாதபோது கையைக் குறை கூறுகிறோம்.

அளவு என்றும் ஒன்றாய் இருந்ததில்லை

இன்று நாம் காணும் கிட்டாரின் உருவம், 19-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டில் வாழ்ந்த அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892) என்னும் கைவினைஞரால் பெரிதும் வகுக்கப்பட்டது. அவர் காலத்துக்கு முற்பட்ட கிட்டார்கள் உடல் சிறுத்தவை. உலகெங்கும் கிறிஸ்து பிறப்பு விழாவில் பாடப்படும் "அமைதி இரவு" என்னும் பாடல், 1818-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் ஆஸ்திரியா நாட்டின் ஓபர்ன்டார்ஃப் ஊரில், புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் முதன்முறையாகப் பாடப்பட்டபோது ஒலித்ததும் அக்காலக் கிட்டார்தான். பாடலை எழுதிய துணைக்குரு யோசேப்பு மோர் கிட்டாரை மீட்டிப் பாட, இசையமைத்த பள்ளி ஆசிரியர் பிரான்ஸ் சேவியர் குரூபர் உடன் பாடினார். அந்தக் கிட்டார் இன்றும் ஹால்லைன் நகரின் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

கருவியை மனிதர் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்வது நம் நாட்டுக்கும் புதிதன்று. மேலைநாட்டு வயலினைக் கருநாடக இசைக்குக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858). நின்றுகொண்டு தோளில் தாங்கி வாசிக்கும் அக்கருவியை, நம்மவர்கள் தரையில் அமர்ந்து, அதன் தலையைக் காலில் ஊன்றி வாசிக்கும் முறைக்குக் கொண்டுவந்தனர்.

இவ்வளவு தொலைவு செல்வானேன்? பள்ளிபாளையத்தில் கைத்தறி நெய்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். குழித்தறியில் மிதியின் கயிற்றை, நெய்பவரின் காலுக்கேற்ப நீட்டியோ குறுக்கியோ கட்டிக்கொள்வர். கால் எட்டவில்லை என்பதற்காக எந்த நெசவாளியும் பிள்ளையைத் தொழிலுக்கு ஆகாதவன் என்று தள்ளியதில்லை. தறிக்குத் தந்த இடத்தைக் கிட்டாருக்கும் தருவோமே!

எந்தக் கிட்டார் ஏற்றது?

சிறுவர்க்கென்றே சிறு அளவுக் கிட்டார்கள் செய்யப்படுகின்றன. முக்கால் அளவு, அரை அளவு, கால் அளவு என்பன அவற்றின் பெயர்கள். தந்தி நீளம் முறையே சுமார் 58, 53, 48 சென்டிமீட்டர். செய்பவருக்குச் செய்பவர் சற்று வேறுபடும். பொதுவாக ஐந்து வயதுக் குழந்தைக்குக் கால் அளவும், ஆறு முதல் எட்டு வயதுவரை அரை அளவும், ஒன்பது முதல் பதினொன்று வரை முக்கால் அளவும் பொருந்தும். வயதைவிடக் கையே இறுதிச் சான்று. கடையிலேயே பிள்ளையை அமர்த்தி, நான்கு விரல்களையும் முதல் நான்கு மெட்டுகளில் வைக்கச் சொல்லிப் பாருங்கள். முக்கால் அளவில் இவ்விரிவு 9 சென்டிமீட்டருக்கும் குறைவு. அரை அளவில் 8 சென்டிமீட்டர்.

"வளரும் பிள்ளைக்கு இப்போதே பெரியதாக வாங்கிவிட்டால் பிறகு செலவில்லையே" என்பது பெற்றோரின் கணக்கு. சட்டைக்கு அக்கணக்கு சரி. கிட்டாருக்குச் சரிப்படாது. பெரிய கருவியோடு மல்லாடும் பிள்ளை, வளருமுன்னே அதை மூலையில் சாய்த்துவிடும்.

வீட்டிலோ ஆலயத்திலோ முழு அளவுக் கிட்டார் மட்டுமே இருந்தால் என் செய்வது? அதற்கும் வழியுண்டு. கேப்போ என்னும் சிறு கவ்வி ஒன்று இசைக்கருவிக் கடைகளில் கிடைக்கும். அதை இரண்டாம் மெட்டில் மாட்டினால், 65 சென்டிமீட்டராய் இருந்த தந்தி நீளம் 58 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். அஃதாவது, முழுக் கிட்டாரின் மெட்டுகள் முக்கால் கிட்டாரின் மெட்டுகளைப் போல நெருங்கிவிடும். சுருதி மட்டும் இரண்டு அரைச்சுரம் உயரும். பிள்ளை சி வடிவத்தைப் பிடித்தால் டி ஒலிக்கும். ஜி வடிவத்தைப் பிடித்தால் ஏ ஒலிக்கும். பாடற்குழுவுக்கு இது தடையன்று. பாடகரின் குரலுக்கேற்பக் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் கழுத்தின் அகலத்தையும் உடலின் பருமனையும் கேப்போ குறைக்காது என்பதை மறக்கலாகாது.

தந்தியையும் கவனிக்க வேண்டும். எஃகுத் தந்தி பிஞ்சு விரலை அறுக்கும். நைலான் தந்தியோ மென்மையானது. முன்னாளில் விலங்கின் குடலால் திரித்த நரம்பே இடப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அது அறுவை மருத்துவத் தையலுக்கு வேண்டப்பட்டதால் தட்டுப்பாடு நேர்ந்தது; அதன்பின் 1940-களில் நைலான் அந்த இடத்தைப் பிடித்தது. தொடங்கும் பிள்ளைக்கு நைலான் தந்தியிட்ட கிட்டாரே நன்று. மேலும், தந்திக்கும் மெட்டுக்கும் இடையே உள்ள உயரம் மிகுதியாயிருந்தால் பெரியவர் விரலும் நோகும். எட்டாத கை என்று நாம் எண்ணுவது, பல வேளைகளில் உயர்ந்து நிற்கும் தந்தியை அழுத்த இயலாத கையே. கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து இவ்வுயரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

அமர்வதும் பிடிப்பதும்

கருவி பொருந்திய பின் உடல் பொருந்த வேண்டும். கையில்லாத நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, இடக்காலைச் சிறு மணையின் மேல் வைத்து, கிட்டாரை இடத்தொடையில் தாங்குக. கிட்டாரின் தலை ஏறத்தாழத் தோளின் உயரத்துக்கு எழும்பி நிற்கட்டும். கழுத்து இவ்வாறு மேல்நோக்கிச் சாயும்போது இடக்கை இயல்பாக எட்டும். தாழ்ந்து கிடந்தால் மணிக்கட்டு மடங்கி, விரல்களின் நீளம் வீணாகும்.

இரண்டாவது, கட்டைவிரல். பெரிய கையினர் சிலர் கட்டைவிரலைக் கழுத்தின் மேலே வளைத்துப் பிடிப்பர். அதைச் சிறு கையினர் பின்பற்றலாகாது. கட்டைவிரல் கழுத்தின் பின்புறத்தில், நடுவிரலுக்கு நேராக, மெல்லப் படிந்திருந்தால் மற்ற விரல்கள் மேலும் சிறிது நீண்டு எட்டுவதை உடனே காணலாம். உள்ளங்கை கழுத்தை ஒட்டாதிருக்க வேண்டும்.

மூன்றாவது, விரல் வைக்கும் இடம். மெட்டின் மேலுமன்றி, இரு மெட்டுகளின் நடுவிலுமன்றி, மெட்டுக்குச் சற்றுப் பின்னால் நுனிவிரலால் அழுத்தினால் குறைந்த வலிவே போதும். இடக்கை நகங்கள் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும் என்று சொல்லவும் வேண்டுமோ?

மூன்று தந்தியில் ஒரு பாடல்

ஆறு தந்திகளையும் முதல் நாளே ஆளவேண்டும் என்னும் சட்டம் எதுவுமில்லை. மெல்லிய முதல் மூன்று தந்திகளோடு தொடங்குவோம். முதல் தந்தியின் மூன்றாம் மெட்டில் ஒரு விரலை வைத்து மூன்றையும் மீட்டினால் ஜி என்னும் சுரக்கூட்டு பிறக்கும். அதை எடுத்துவிட்டு, இரண்டாம் தந்தியின் முதல் மெட்டில் ஒரு விரலை வைத்தால் சி பிறக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரே விரல்! மூன்றாம் தந்தியின் இரண்டாம் மெட்டிலும், இரண்டாம் தந்தியின் முதல் மெட்டிலும், முதல் தந்தியின் இரண்டாம் மெட்டிலுமாக மூன்று விரல்களை வைத்தால் டி செவன் கிடைக்கும். இம்மூன்று சுரக்கூட்டுகளைக் கொண்டே எளிய பக்திப் பாடல்கள் பலவற்றுக்குத் துணை வாசிக்கலாம். ஒரே விரலால் தந்திகள் அனைத்தையும் அழுத்தும் முழு எஃப் சுரக்கூட்டு, தொடங்குவோர் பலர் திரும்பிப் போகும் இடம். அதை ஓராண்டு தள்ளி வைப்பதால் குற்றம் ஏதுமில்லை.

தனிச்சுரங்களைப் பழகும்போது ஐந்தாம் மெட்டிலிருந்து தொடங்கி, வாரம் ஒரு மெட்டாகத் தலைப்பக்கம் இறங்கி வரலாம். எட்டாத இரு சுரங்களை ஒரே நேரத்தில் பிடிக்க முயலாமல், ஒரு விரலை விடுவித்துக் கையையே நகர்த்துவது கலையில் குறைபாடு ஆகாது.

சான்றோர் காட்டும் வழி

1969-இல் ஆந்திர மாநிலம் பாலக்கொல்லில் பிறந்த யு. ஸ்ரீநிவாஸ், ஆறு வயதில் மேண்டலினைக் கையில் எடுத்தார். அதன் தந்தி நீளம் சுமார் 35 சென்டிமீட்டர்தான். சிறுவனின் கைக்கு அது அளவானது. இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்தாம் தந்தி ஒன்றைச் சேர்த்து, மின்னொலிக் கருவியாக்கி, கருநாடக இசையின் கமகங்களை அதில் கொணர்ந்தார். 2014-இல் மறையும்வரை உலகம் அவர் இசையைக் கேட்டு வியந்தது.

ஜாங்கோ ரெயின்ஹார்ட் (1910–1953) என்னும் கிட்டார்க் கலைஞர், 1928-இல் நேர்ந்த தீ விபத்தில் இடக்கை வெந்து, மோதிரவிரலும் சுண்டுவிரலும் முடங்கப்பெற்றார். எஞ்சிய இரு விரல்களுக்கேற்பப் புதிய முறை ஒன்றை வகுத்துக்கொண்டு, ஜாஸ் இசையில் அழியாப் புகழ் எய்தினார். அவர் தம் கையை அறிந்து அதற்கேற்ற வழியைத் தேடினார்.

இதற்கு மாறான எச்சரிக்கை ஒன்றும் உண்டு. செருமானிய இசைமேதை ராபர்ட் ஷூமான் (1810–1856), இளமையில் விரலை வலுப்படுத்தக் கருவியொன்றைப் பயன்படுத்தினார். அவருடைய வலக்கை விரல் செயலிழந்தது. பியானோ வாசிப்பவராகும் கனவைக் கைவிட்டார். அக்கருவிதான் காரணமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், விரல்களை வலிந்து இழுத்து நீட்டும் முயற்சிகள் வேண்டவே வேண்டாம். முதல் சில வாரங்களில் விரல் நுனி நோவது இயல்பு. தோல் தடித்ததும் அது மறையும். மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலியோ மரமரப்போ தோன்றினால் உடனே நிறுத்தி ஓய்வு தர வேண்டும். நீடித்தால் மருத்துவரைக் காண வேண்டும். ஒரு மணி நேரம் ஒரே மூச்சாகப் பழகுவதைவிட, காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம் பழகுவதே பிள்ளைக்கு நன்மை தரும்.

எட்டிய கை

அந்தச் சிறுமி முக்கால் கிட்டாரில் பழகத் தொடங்கினாள். மூன்று தந்திகளில் மூன்று சுரக்கூட்டுகள். மூன்றாம் வாரம் அவள் வாசிக்க, தாய் அருகிருந்து பாடினார். பாடல் முடிந்ததும் நான் முழு அளவுக் கிட்டாரை எடுத்து, இரண்டாம் மெட்டில் கேப்போவை மாட்டி, தாயிடம் நீட்டினேன். "எனக்கெதுக்குங்கய்யா?" என்று பின்வாங்கினார். மகள்தான் வற்புறுத்தி அமரச் செய்தாள். கட்டைவிரலை எங்கே வைப்பது என்றும் காட்டினாள். விரல்கள் மெல்லத் தேடி இடம் கண்டன. சி வடிவம் தெளிவாக ஒலித்தது.

"எட்டுதுங்கய்யா" என்றார் அவர். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பெற்றோரே, பாடற்குழுக்களை நடத்துவோரே! 1963-ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் திருவழிபாடு பற்றி வெளியிட்ட ஏடு, குழாய் ஆர்கனுக்குச் சிறப்பிடம் தந்ததோடு, ஏற்ற பிற கருவிகளுக்கும் வழிபாட்டில் இடமளித்தது. கருவிகளுக்குத் திறந்த கதவைச் சிறு கைகளுக்கு நாம் அடைக்கலாகாது. ஆசையோடு வரும் பிள்ளையின் கையைப் பார்த்துத் தீர்ப்பு வழங்குமுன், கிட்டாரின் அளவையும், தந்தியின் உயரத்தையும், அமரும் முறையையும் ஒருமுறை பாருங்கள். அவற்றைச் சரிசெய்ய ஒரு மாலைப்பொழுது போதும். "உனக்கு எட்டாது" என்று சொல்லிவிட்டாலோ, அதைத் திருத்த எனக்கு இருபது ஆண்டுகள் ஆயின.