கரிசல் பிள்ளைகளும் கப்பல் பயணமும்

திருச்சுழி என்னும் பெயருக்குள்ளேயே ஒரு வெள்ளம் இருக்கிறது. ஊழிக் காலத்தில் உலகை மூழ்கடிக்க வந்த பெருவெள்ளத்தைச் சிவபெருமான் தம் சூலத்தால் நிலத்தில் துளையிட்டு, சுழித்து உள்ளே போகும்படி செய்தார் என்பது திருமேனிநாதர் கோயில் தல வரலாறு. அன்று உள்ளே போன தண்ணீர் இன்னும் வெளியே வரவில்லை என்று எங்கள் பக்கம் வேடிக்கையாகச் சொல்வார்கள். குண்டாற்றில் மணலைத்தான் நாம் பெரும்பாலும் பார்க்கிறோம். கண்மாய் மறுகால் பாய்ந்தால் வேலையை விட்டுவிட்டுப் பார்க்க ஓடுகிறோம். அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக் கடல் பேருந்தில் இரண்டு மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறது. ஆயினும் கரிசல் காட்டுப் பிள்ளைக்குக் கடல் என்பது திருச்செந்தூரில் முழங்கால் வரை நனைந்துவிட்டு வருவது. கப்பல் என்பது பாடப் புத்தகத்தில் இருக்கும் படம்.

இப்போது அந்த நிலை சற்று மாறி வருகிறது. கோடை விடுமுறைக்கு எங்கே போகலாம் என்னும் பேச்சில் கொடைக்கானல், குற்றாலம் என்பவற்றோடு கப்பல் என்னும் சொல்லும் காதில் விழுகிறது. 2022 ஜூன் 4-ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பலைத் தமிழக முதலமைச்சர் தொடங்கி வைத்தார். 1990-இல் கட்டப்பட்ட அக்கப்பலின் நீளம் ஏறத்தாழ 211 மீட்டர். நம் கல்லூரி விளையாட்டுத் திடலில் 200 மீட்டர் ஓடியவர்களுக்கு அந்த நீளம் எளிதில் விளங்கும். 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையே ‘செரியாபாணி’ என்னும் சிறு கப்பல் விடப்பட்டது. ஒரு வழிக் கட்டணம் வரியோடு 7,670 ரூபாய். வடகிழக்குப் பருவமழை நெருங்கவே சில நாட்களிலேயே அது நின்றது. 2024 ஆகஸ்டு 16 முதல் அதே வழியில் ‘சிவகங்கை’ என்னும் கப்பல் ஓடத் தொடங்கியது. பக்கத்துச் சீமையின் பெயரைத் தாங்கிய கப்பல் என்பதில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரு மகிழ்ச்சி.

“சரி, பெரியவர்கள் போகலாம். பச்சைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடலில் போகலாமா?” என்பதுதான் எல்லார் வீட்டிலும் எழும் கேள்வி. எங்கள் அத்தை, மாமா, அவர்களுடைய நான்கு வயது மகன், ஒன்பது வயது மகள் ஆகியோருடன் 2025 கோடையில் ‘சிவகங்கை’யில் சென்று வந்தவன் என்னும் முறையிலும், அதற்கு முன்பே இது பற்றிப் படிக்க நேர்ந்தவன் என்னும் முறையிலும் எனக்குத் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாந்தி. சிரிக்க வேண்டாம், ஒரு குடும்பம் கப்பலை விரும்புவதும் வெறுப்பதும் முதல் மூன்று மணி நேரத்தில் இதைக் கொண்டுதான் முடிவாகிறது. நம் காதின் உட்புறத்தில், உடல் ஆடுவதையும் திரும்புவதையும் மூளைக்குச் சொல்லும் நுண்ணிய உறுப்பு ஒன்று உண்டு. கப்பலின் அறைக்குள் உட்கார்ந்திருக்கும்போது சுவரும் மேசையும் நம்மோடு சேர்ந்தே ஆடுவதால் கண்ணுக்கு ஆட்டம் தெரிவதில்லை. ‘ஆடுகிறோம்’ என்று காது சொல்கிறது. ‘இல்லை’ என்று கண் சொல்கிறது. இந்த வழக்குத் தீராமல்தான் குமட்டல் வருகிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை இது பெரும்பாலும் தாக்குவதில்லை. இரண்டிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களுக்கே தொல்லை மிகுதி. அத்தை மகனைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்பட்டோம். அவன் மடியில் தூங்கிவிட்டான். தெம்பாக ஏறிய அவன் அக்காள்தான் கைப்பேசியில் விளையாடியபடியே வந்து அரை மணியில் சுருண்டுவிட்டாள். கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, சன்னல் வழியே வானமும் கடலும் சேரும் கோட்டையே பார்த்து வரும்படி சொன்னோம். சிறிது நேரத்தில் தெளிந்து கடலை மிட்டாய் கேட்டாள். அந்தக் கோடு ஆடாமல் நிற்பதால் கண்ணும் காதும் ஒரே செய்தியைச் சொல்லத் தொடங்குகின்றன. வேறு மந்திரம் ஒன்றும் இல்லை.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கணக்குத்தான். ஊஞ்சல் பலகையின் நடுவில் இருப்பவனைவிட ஓரத்தில் இருப்பவன் மிகுதியாக ஆடுகிறான் அல்லவா? கப்பலிலும் முனைகளைவிட நடுப்பகுதியில், மேல் தளங்களைவிடக் கீழ்த் தளங்களில் ஆட்டம் குறைவு. உல்லாசக் கப்பல்களில் உயரத்தில் உள்ள அறைகளுக்கே விலை கூடுதல். சிறு பிள்ளைகள் உள்ள குடும்பம் விலை குறைந்த கீழ்த் தளத்து நடு அறையை எடுப்பதே நல்லது. பணமும் மிச்சம், வயிறும் மிச்சம்! ஏறும் முன் வெறும் வயிறும் கூடாது. விருந்துச் சாப்பாடும் கூடாது. இரண்டு இட்டலி போதும். மருந்து கொடுப்பதானால் குழந்தையின் வயதும் எடையும் சொல்லி மருத்துவரிடம் கேட்டே கொடுக்க வேண்டும். பெரியவர்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் பழக்கம் இங்கே ஆகாது.

அடுத்தது, நம் ஊர்த் தாய்மார்களின் உண்மையான அச்சம்: “தண்ணியில விழுந்துட்டா?” நீச்சல் தெரியாத சீமை நம்முடையது, இந்த அச்சத்தில் பொருள் இருக்கிறது. உல்லாசக் கப்பலின் கைப்பிடிக் கம்பிகள் பெரியவர்களின் மார்பளவு உயரம் இருக்கும். நடந்து போகும் குழந்தை தவறி விழ இயலாது. ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறும் குழந்தை விழும். ஆகவே முன்றில் உள்ள அறை எடுத்தால் அங்கே கிடக்கும் நாற்காலியை முதல் வேலையாக உள்ளே எடுத்து வைத்துக் கதவைத் தாழிட வேண்டும். உண்மையில் கடலைவிடக் கப்பலின் மேல் தளத்தில் இருக்கும் நீச்சல் குளத்துக்குத்தான் நான் மிகுதியாக அஞ்சுவேன். பல கப்பல்களில் குளத்தருகே காவலர் இருப்பதில்லை. கூட்டத்தில் ஒரு குழந்தை மூழ்குவது சத்தமில்லாமல் நடந்துவிடும்.

நம் பக்கம் கிணற்றில் நீச்சல் பழக்கும்போது முதுகில் சுரைக்குடுக்கை கட்டிவிடுவார்கள். லைஃப் ஜாக்கெட் எனப்படும் மிதவைச் சட்டை அந்தக் குடுக்கையின் தம்பிதான். ஆனால் பெரியவர் சட்டையைப் பிள்ளைக்குப் போட்டால் பிள்ளை நழுவிக் கீழே போய்விடும். அதனால் 15 கிலோவுக்குக் குறைந்த மழலைக்கு ஒன்று, 15 முதல் 43 கிலோ வரையுள்ள பிள்ளைக்கு ஒன்று எனத் தனித்தனி அளவுகள் வகுத்திருக்கிறார்கள். பயணிகளில் நூற்றுக்குப் பத்து என்னும் கணக்கில், அல்லது குழந்தைக்கு ஒன்று என்னும் கணக்கில், எது கூடுதலோ அத்தனை குழந்தைச் சட்டைகள் கப்பலில் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. 1912-இல் டைட்டானிக் மூழ்கியதை அடுத்து 1914-இல் பிறந்த கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின் வழிவந்தவை இவ்விதிகள். ஏறியவுடன் அறைக்கு வரும் ஊழியரிடம் பிள்ளையின் எடையைச் சொல்லி அதற்குரிய சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். கூச்சப்படக் கூடாது.

அதேபோல, கப்பல் புறப்படும் வேளையில் எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டிப் பயிற்சி தருவார்கள். ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி. இதுவே ஆபத்துக் குறி. பலர் இந்தப் பயிற்சியைத் தொல்லை என்று நினைத்துப் படம் எடுக்கப் போய்விடுகிறார்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலிக் கரையருகே ‘கோஸ்டா கான்கார்டியா’ என்னும் உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் இறந்தனர். அன்று ஏறியவர்களில் நூற்றுக்கணக்கானோருக்கு அப்பயிற்சி அதுவரை நடக்கவே இல்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று அப்போதைய விதி இடம் கொடுத்திருந்தது. 2015 முதல், புறப்படும் முன்போ புறப்பட்ட உடனோ நடத்தியாக வேண்டும் என மாற்றினார்கள். பிள்ளைகள் இதில் பெரியவர்களைவிடக் கெட்டி. ஏழும் ஒன்றும் எண்ணுவதை ஒரு விளையாட்டாக வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தால் மறக்கவே மாட்டார்கள்.

இவ்வளவும் உடலைக் காப்பது பற்றியது. குழந்தையின் மனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை. என் அப்பத்தாவிடம் கேட்டேன்.

நம் சீமைக்கும் கப்பலுக்கும் உறவு புதியதன்று. பஞ்சம் வந்த போதெல்லாம் பழைய இராமநாதபுரம் மாவட்டத்து மக்கள் குழந்தை குட்டிகளோடு கடல் கடந்தார்கள். 1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பின் இராமேசுவரத்திலிருந்து கப்பல். மலேயாவுக்குப் போனவர்கள் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’வில் ஏறினார்கள். 1926-இல் கட்டப்பட்ட அக்கப்பல் தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிக்கொள்ள உரிமம் பெற்றிருந்தது. தளம் என்றால் அறை அன்று; பாய் விரித்த இடம். அந்தப் பாயில் வளர்ந்த குழந்தைகளை எந்த உல்லாசக் கப்பல் வரலாற்றிலும் காண முடியாது.

என் அப்பத்தா 1973-இல், ஒன்பது வயதில், தலைமன்னாரிலிருந்து ‘இராமானுஜம்’ கப்பலில் இராமேசுவரம் வந்தவர். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இந்தியா ஏற்க ஒப்புக்கொண்ட 5,25,000 பேரில் அவரும் ஒருவர். தோட்டத்து லயத்தில் புறப்படும்போது, “ஊருல திருவிழா, பாத்துட்டு வரலாம்” என்று மட்டுமே பெரியவர்கள் சொன்னார்களாம். அழுவாள் என்று நினைத்திருப்பார்கள். பக்கத்து வீட்டுத் தோழியிடம் சிலேட்டைக் கொடுத்து, “நான் வர்ற வரைக்கும் வச்சிரு” என்று சொல்லிவிட்டு வந்தவர், மண்டபம் முகாமில் நாலாம் நாள் காலையில், “திரும்பிப் போற கப்பல் எப்ப?” என்று கேட்டாராம். யாரும் பதில் சொல்லவில்லையாம். கடலில் பட்ட குமட்டலும் கூட்டமும் அவருக்கு மறந்துவிட்டன. அந்தக் காலை மட்டும் மறக்கவில்லை.

நாங்கள் புறப்படும் முன் அவர் அத்தையிடம் சொன்னது இதுதான்: “எங்க போறோம், எத்தனை ராத்திரி, எப்பத் திரும்புவோம், மூணையும் பிள்ளைககிட்டச் சொல்லிட்டு ஏத்து தாயி.” சின்னவனுக்கு மூன்று இரவு என்பது புரியவில்லை. அப்பத்தா மூன்று புளியங்கொட்டைகளை அவன் கையில் கொடுத்து, தூங்கி எழுந்ததும் ஒன்றைத் தூக்கிப் போடச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் தங்கிய நாட்களில் அவன் ஒரு தடவைகூட வீடு கேட்டு அழவில்லை. காலையில் எழுந்ததும் கொட்டையைத் தேடினான். எனக்குத் தெரிந்தவரை கப்பல் பயணத்துக்கு ஆகும் செலவிலேயே மிகச் சிறியதும் மிகப் பயனுள்ளதும் அதுவே.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளிநாடு போகும் கப்பலானால் கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் ஐந்தாண்டு அல்லது பதினெட்டு வயது நிறையும் வரை, இதில் எது முந்தியதோ அது. ஆறு மாதம் ஆகாத குழந்தையையும் 24 வாரம் கடந்த கர்ப்பிணியையும் உல்லாசக் கப்பல்கள் பொதுவாக ஏற்றுவதில்லை. நெடுங்கடல் பயணமானால் குழந்தைக்கு ஓராண்டு நிறைந்திருக்க வேண்டும். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் விளையாட்டுக் கூடங்களில் பெரும்பாலும் மூன்று வயது நிரம்பியவர்களுக்கே இடம். கட்டணத்தை அறைக்கு இருவர் என்று வைத்துச் சொல்வார்கள். அதே அறையில் மூன்றாவதாக, நான்காவதாகத் தங்கும் குழந்தைக்குக் குறையும். ஆனால் துறைமுக வரியும் ஊழியர் அன்பளிப்பும் தனி என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். கப்பலில் பரவும் வயிற்றுப்போக்குக் கிருமிக்குக் கையில் தடவும் திரவம் போதாது. சோப்புப் போட்டுக் கழுவத்தான் வேண்டும்.

காலம் பற்றி ஒரு வருத்தம். நம் கடல் நன்றாக அடங்கியிருப்பது மாசி, பங்குனியில். அப்போது பள்ளிகளில் தேர்வு நடக்கும். ஐப்பசி, கார்த்திகை புயல் காலம். மே மாதத்திலும் வங்கக் கடலில் புயல் தோன்றுவது உண்டு. ஆகவே தேர்வு முடிந்த கையோடு ஏப்ரல் கடைசிக்குள் போய் வந்துவிடுவது நல்லது. கப்பல் ஓடாமல் போனால் பணம் திரும்புமா என்பதைச் சீட்டு வாங்கும்போதே எழுத்தில் பெற வேண்டும்.

கரை இறங்கிய பின் இன்னொன்று நடக்கும். அன்று இரவு வீட்டுத் திண்ணையில் படுத்தாலும் தரை ஆடுவது போலவே பிள்ளைகளுக்குத் தோன்றும். “வீடும் மிதக்குது” என்று அத்தை மகன் கத்தினான். கடல் ஆட்டத்துக்குப் பழகிவிட்ட காது, ஆடாத நிலத்துக்குத் திரும்பச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வேப்பிலை அடிக்க வேண்டியதில்லை. ஓர் இரவு தூங்கினால் போய்விடும்.