அத்தானின் படகும் காணாமல் போன வோல்ட்டும்

2024-ஆம் ஆண்டு ஓணம் விடுமுறைக்கு எர்ணாகுளத்திலிருந்து வைக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இலை போடும் முன்பே அத்தான் என் கையைப் பிடித்துக் கொல்லைப்புறத்துக்கு, அதாவது வேம்பநாட்டுக் காயல் கரைக்கு, கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"மாப்ளே, ஞாயித்துக்கிழமை ஒருத்தர் விலை பேச வாராரு. அதுக்கு முன்னால நீ ஒரு தடவை பார்த்துடு."

விலைக்குப் போகவிருந்தது அவருடைய படகு. அதன் பின்புறப் பலகையில் தொங்கும் 1974 மாடல் 40 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினும் சேர்த்துத்தான். தூத்துக்குடியில் பிறந்து, வேலைக்காகக் கேரளம் வந்து, இங்கேயே தங்கிவிட்ட மனிதர். சாயங்காலமானால் அக்காவை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வராவிட்டால் அவருக்கு இராத்தூக்கம் வராது. 2022-இல் வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. இனிக் கயிறு இழுத்து எஞ்சின் கிளப்பக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். செல்ஃப் ஸ்டார்ட் இருந்ததால் சமாளித்து வந்தார். இப்போது அதுவும் மக்கர்.

சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம், எஞ்சினில் ஓர் உதறல், அவ்வளவுதான். புது பேட்டரி வாங்கிப் போட்டார், அதே "டக்". செல்ஃப் மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங் செய்து மாட்டினார், அதே "டக்". ஒயர்களையெல்லாம் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்த மெக்கானிக், "லைன் எல்லாம் சரியாத்தான் இருக்கு, எஞ்சினுக்கு வயசாயிடுச்சு" என்று சொல்லிவிட்டாராம்.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். இந்தப் பக்கத்து மீனவர்களின் மண்ணெண்ணெய் எஞ்சின்கள் பெரும்பாலும் கயிறு இழுத்துக் கிளப்புபவை. செல்ஃப் ஒயரிங் அவர் கைக்கு எப்போதாவதுதான் வரும். (கயிறாவது பரவாயில்லை. நார்வேயில் பிறந்த ஓலே எவின்ரூட் 1909-இல் அமெரிக்காவில் விற்க ஆரம்பித்த எஞ்சினில் மேல் சக்கரத்தின் கைப்பிடியைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் விரல் முட்டி பெயர்ந்துவிடும்!)

முப்பது வருஷம் ஒர்க்‌ஷாப்பில் மின் பிரிவில் காலம் தள்ளியவன் நான். பையில் மல்டிமீட்டர் எப்போதும் இருக்கும். முதல் காரியமாகப் பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் கரையில் தூரமாக வைத்தேன். ஸ்பார்க் பிளக் ஒயர்களை எடுத்து எஞ்சின் உடம்போடு சேர்த்துக் கட்டினேன். சோதனை நடுவே எஞ்சின் கிளம்பிப் பின்னால் விசிறி சுற்றினால் வீண் வினை.

சத்தமே வராமல் இருந்திருந்தால் என் தேடல் வேறு பக்கம் போயிருக்கும். கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஃபியூஸ் நல்லதா, சாவியிலிருந்து சாலினாய்டுக்குப் போகும் மெல்லிய ஒயரில் மின்சாரம் வருகிறதா என்று பார்த்திருப்பேன். "டக்" என்பது சாலினாய்டு தன் வேலையைச் செய்ய எழுந்துவிட்டது என்பதற்கு அடையாளம். ஆகவே கோளாறு தடித்த கேபிள்கள் போகும் வழியில்தான்.

பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டியது. நல்ல பேட்டரி. ஆனால் சும்மா இருக்கும்போது அளப்பதில் பிரயோசனம் குறைவு. அத்தானைச் சாவியில் உட்காரவைத்து, "நான் சொல்றப்போ மட்டும் திருப்புங்க அத்தான், ரெண்டு விநாடிக்கு மேல வேண்டாம்" என்றேன். திருப்பும்போது பேட்டரி முனைகளில் 11.6. செல்ஃப் மோட்டாரிலோ வெறும் 4.8! மீதி 6.8 வோல்ட் எங்கே போயிற்று?

ஒவ்வோர் இடமாக அளந்தேன். பேட்டரியிலிருந்து மோட்டார் வரை பாஸிட்டிவ் கேபிள்களில் மொத்தம் 0.3, சாலினாய்டில் 0.2. இவை பரவாயில்லை. பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றதைச் சுரண்டிய எஞ்சின் உடம்பிலும் வைத்தேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 6.3! அந்த எர்த் கேபிளின் எஞ்சின் பக்கத்து முனையைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுக் கேபிளின் ரப்பர் உறையைக் கத்தியால் கீறினேன். வெளியே பளபளப்பாக இருந்த கேபிளுக்குள், லக் பிடித்திருந்த இடத்தில், செம்பெல்லாம் பச்சைப் பொடியாக உதிர்ந்தது. நாலைந்து இழைதான் உயிரோடு இருந்தது. தண்ணீர்முக்கம் தடுப்பணைக்கு வடக்கே, அத்தான் வீட்டுப் பக்கத்தில், கோடையில் காயல் தண்ணீரில் உப்பு ஏறும். அந்த உப்பு ஈரம் இழைகளின் இடுக்கு வழியே விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் உள்ளே ஏறி அரித்திருக்கிறது.

டெஸ்ட் லாம்ப் இதைக் கண்டுபிடிக்காததில் அதிசயமில்லை. சின்ன பல்புக்கு ஒரே ஓர் இழை போதும், ஜோராக எரியும். நூறு ஆம்பியருக்குமேல் கேட்கும் செல்ஃப் மோட்டாருக்கு அது போதாது. ஒற்றையடிப் பாதையில் சைக்கிள் போகும், லாரி போகுமா? படகு இல்லாத அன்பர்களும் இதைக் கவனத்தில் வைக்கலாம். பழைய கார், ஸ்கூட்டர், ஜெனரேட்டர் எதுவானாலும் பேட்டரியை மாற்றும் முன் சாவியைத் திருப்பியபடியே எர்த் பக்கத்தை அளந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

மறுநாள் எர்ணாகுளத்திலிருந்து ஈயம் பூசிய செம்புக் கேபிளை, பழையதைவிட ஒரு சுற்றுத் தடிமனாகவே, வாங்கி வந்தேன். புது லக்கைச் சரியான கருவியால் நசுக்கிப் பிடித்து, மேலே பசையுள்ள சுருங்கும் உறையைச் சூடு காட்டி மாட்டினேன். எஞ்சினில் லக் உட்காரும் இடத்துப் பெயிண்டைச் சுரண்டிவிட்டுத்தான் போல்ட்டை முடுக்கினேன். முடுக்கிய பிறகு மேலே கிரீஸ். எர்த் பக்கத்து நஷ்டம் இப்போது 0.2 வோல்ட்.

பிளக் ஒயர்களை மாட்டி, டேங்கைச் சேர்த்து, விசிறியைத் தண்ணீரில் இறக்கினோம். அத்தான் சாவியைத் திருப்பினார். மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. நீலப் புகை. அடுக்களையில் இருந்த அக்கா கரண்டியோடு ஓடி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விலை பேச வருபவருக்கு அன்று மாலையே போன் போட்டார் அத்தான். மணி அடித்ததும் என்ன சொல்வதென்று தெரியாமல் போனை அக்கா கையில் திணித்துவிட்டுப் படகுப் பக்கம் நழுவிவிட்டார்.