கறுப்பு அங்கி அணிந்த கால்பந்து வீரர்கள்

"விளையாட்டில் புத்தி போனால் படிப்பு போயிற்று" என்பது எங்கள் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம். பெற்றோர் எங்கள்மீது கோபங்கொள்ள மாட்டார்கள் என்ற தைரியத்தில், படித்துக்கொண்டே தம் நாட்டின் முதல்தர ஆட்டக்காரர்களாகவும் விளங்கிய ஒரு மாணவர் குழுவைப் பற்றி இங்கே எழுதுகிறோம்.

போர்ச்சுகல் நாட்டில் மொண்டேகோ ஆற்றங்கரைக் குன்றின்மேல் அமைந்த நகரம் கோயிம்பிரா. அங்குள்ள பல்கலைக்கழகம் 1290-இல் லிஸ்பனில் தோன்றி, 1537-இல் இந்நகரில் நிலைபெற்றது. அதன் மாணவர் சங்கம் 1887-இல் ஏற்பட்டது. சங்கத்தின் கால்பந்துக் குழுவையே 'அக்காதெமிக்கா' என்பர். கறுப்பு அங்கியும் தோளிலிருந்து தொங்கும் கறுப்புப் போர்வையும் அம்மாணவர்களின் மரபு உடை. ஆதலால் ஆட்டக்காரர்களின் சட்டையும் கறுப்பே. நம் ஊர் வெயிலில் அதை அணிந்து ஓடினால் என்ன ஆகும் என்று எங்களுக்குள் பேசிச் சிரித்தோம்.

போர்ச்சுகல் கோப்பைப் போட்டி முதன்முதலாக நடந்த 1939-இல், லிஸ்பனின் பெரிய குழுவான பென்பிகாவை 4-3 என்று வென்று கோப்பையை எடுத்துச் சென்றவர்கள் இந்த மாணவர்கள்தாம். பணம் படைத்த குழுக்கள் சம்பளம் கொடுத்து வீரர்களைச் சேர்த்தபோது, இவர்களால் தர முடிந்தது கல்வி. ஆடவும் வேண்டும், பட்டமும் பெறவேண்டும் என்று விரும்பிய இளைஞர்கள் கோயிம்பிராவை நாடி வந்தனர். 1967-இல் தேசிய லீகில் இரண்டாம் இடம் வரைக்கும் உயர்ந்தனர்.

ஆனால் இக்குழுவை இன்றும் நினைக்கவைப்பது 1969-ஆம் ஆண்டு. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே சர்வாதிகாரம் நிலவியது. 1961 வரை நம் கோவாவைப் பிடித்து வைத்திருந்ததும் அந்த ஆட்சிதான். 1969 ஏப்ரல் 17 அன்று, கணிதத் துறையின் புதிய கட்டடத்தைத் திறந்து வைக்க ஜனாதிபதி அமெரிக்கோ தொமாஸ் வந்திருந்தார். மாணவர் சங்கத் தலைவர் அல்பெர்த்து மார்ட்டின்ஸ் எழுந்து, மாணவர்கள் சார்பில் பேச அனுமதி கேட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது! அனுமதி கிடைக்கவில்லை. அன்றிரவே அவரைக் கைது செய்தனர். மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தனர். பின்னர் தேர்வையும் எழுத மறுத்தனர். தேர்வு என்றாலே நடுங்கும் எங்களுக்கு, ஓர் ஆண்டுப் படிப்பைப் பணயம் வைத்த அந்தத் துணிவு பெரிதாகவே படுகிறது.

அந்தச் சமயத்தில் அக்காதெமிக்கா கோப்பையின் இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டது. எதிரே மீண்டும் பென்பிகா. ஜூன் 22 அன்று லிஸ்பனை அடுத்த தேசிய மைதானத்தில் ஆட்டம். ஆட்டக்காரர்கள் வழக்கம்போல் ஓடி வரவில்லை. தோளில் கறுப்புப் போர்வையுடன், துக்க வீட்டுக்குச் செல்பவர்களைப்போல் மெல்ல நடந்து வந்தனர். மைதானத்தைச் சுற்றிலும் திரண்டிருந்த மாணவர்கள், நல்ல கல்வி வேண்டும், போலீஸ் வேண்டாம் என்னும் பொருள்படத் துணிப்பதாகைகளை விரித்தனர். ஜனாதிபதி வரவில்லை. தொலைக்காட்சியும் ஆட்டத்தைக் காட்டவில்லை. வாய்திறந்து கேட்க முடியாததை ஆட்டக்காரர்கள் நடையிலேயே கேட்டுவிட்டார்கள்.

அக்காதெமிக்காவின் மனுவேல் அந்தோனியோ முதல் கோலைப் போட்டார். கோப்பை கைக்கு வந்துவிட்டது என்ற வேளையில், முடிய ஐந்தே நிமிடம் இருக்கையில் பென்பிகா சமன் செய்தது. கூடுதல் நேரத்தில், மொசாம்பிக்கில் பிறந்த புகழ்பெற்ற யூசேபியோ அடித்த கோலால் 2-1 என்று மாணவர்கள் தோற்றனர். அப்பருவத்தில் லீகில் அதிகக் கோல் அடித்தவர் அந்த மனுவேல் அந்தோனியோதான்; அவரே பிற்காலத்தில் மருத்துவராகி, கோயிம்பிராவின் புற்றுநோய் மருத்துவமனைக்குத் தலைமை ஏற்றார். பேச அனுமதி மறுக்கப்பட்ட மார்ட்டின்ஸ் 2009-இல் நாட்டின் நீதி அமைச்சரானார்.

1974 ஏப்ரலில் சர்வாதிகாரம் வீழ்ந்தது. அதே ஆண்டு, சம்பளத்துக்கு ஆடும் கால்பந்து மாணவர் சங்கத்துக்குப் பொருந்தாது என்று சங்கமே அக்குழுவைக் கலைத்தது! எங்களில் சிலருக்கு இது நியாயமாகத் தோன்றுகிறது, சிலருக்கு வீட்டுப் பிள்ளையை வெளியே அனுப்பியதுபோல் இருக்கிறது. ஆட்டக்காரர்கள் வேறு பெயரில் ஆடி வந்து, 1984-இல் தனி நிர்வாகத்துடன் சங்கத்தின் கீழ்த் திரும்பினர். ஆனால் படிப்பவர்கள் குறைந்து, தொழிலாக ஆடுபவர்களே குழுவில் நிறைந்தனர்.

73 ஆண்டுகளுக்குப் பிறகு, 2012-இல் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் குழுவை 1-0 என்று வென்று மீண்டும் கோப்பையைப் பெற்றார்கள். பத்தே ஆண்டுகளில், 2022-இல், வரலாற்றிலேயே முதன்முறையாக மூன்றாம் பிரிவுக்கு இறங்கினார்கள். அங்கும் சட்டையின் நிறம் கறுப்புதான்.