பாடப்புத்தகம் விற்ற பணத்தில் ஒரு சமாதான நிதியம்



நாளைக் காலை பிள்ளையின் பாடசாலைப் பையை அடுக்கும்போது, அதிலுள்ள சரித்திரப் புத்தகத்தைச் சற்றே புரட்டிப் பாருங்கள். எந்த அரசன் யாரை எந்த ஆண்டில் தோற்கடித்தான் என்பதற்கு எத்தனை பக்கங்கள்? இரு நாட்டார் உட்கார்ந்து பேசிப் பிணக்கைத் தீர்த்துக்கொண்ட கதைக்கு எத்தனை பக்கங்கள்?

பாடப்புத்தகம் அச்சிட்டு விற்றே பெருஞ் செல்வந்தரான ஒருவரை இதுபோன்ற கேள்வியொன்று முதுமையை நெருங்கும் வயதில் பற்றிக்கொண்டது. அவர் பெயர் எட்வின் கின். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஓர்லண்ட் என்ற சிற்றூரில் 1838இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே மரம் வெட்டும் முகாமொன்றில் தொழிலாளருக்குச் சமைத்துப் போட்டார். மீன்பிடிப் படகிலும் போனார். நம் வீட்டு ஆண்பிள்ளைகள் தேநீர்க் கோப்பையைக் கழுவச் சொன்னால் முகம் சுளிப்பதை நினைத்துக்கொள்கிறேன். அது வேறு கதை.

படிக்க வேண்டும் என்ற ஆசையில் டவ்ட்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கண் பார்வை அவரைக் கைவிட்டது. சக மாணவர்கள் பாடங்களை உரக்க வாசித்துக் காட்ட, அவர் காது கொடுத்துக் கேட்டார். 1862இல் பட்டமும் பெற்றார். எழுத்தைப் பார்க்கவே சிரமப்பட்ட மனிதர் பிறகு வாழ்நாள் முழுவதும் எழுத்தையே தொழிலாகக் கொண்டாரே, அதை எண்ணிப் பாருங்கள்!

முதலில் வேறொருவரின் புத்தகங்களைச் சுமந்து விற்கும் முகவராக அலைந்தார். 1867இல் பொஸ்டன் நகரில் சொந்தப் பதிப்பகத்தைத் தொடங்கினார். இலத்தீன் இலக்கணம், கிரேக்க இலக்கணம், வென்ட்வேர்த் என்பவரின் கணித நூல்கள் என்று அவர் வெளியிட்டவை அமெரிக்கப் பாடசாலைகளில் பரவின. 1890இல் பெரிய பாடநூல் பதிப்பகங்கள் சில ஒன்றுசேர்ந்து ஒரே நிறுவனமாகிச் சந்தையைக் கைக்குள் கொண்டுவர முயன்றபோது, கின் அதில் சேராமல் தனித்தே நின்றார்.

பணம் சேர்ந்தது. அதை என்ன செய்வது? அவர் கண்ணில் பட்டவற்றுள் ஒன்று வீடு. பொஸ்டனில் கூலித் தொழிலாளர் குடும்பங்கள் காற்றும் வெளிச்சமும் இல்லாத அறைகளில் நெருக்கியடித்து வாழ்ந்த காலம் அது. குறைந்த வருமானக்காரர் கௌரவமாக வாழத்தக்க 'சார்ள்ஸ்பேங்க் ஹோம்ஸ்' என்ற வாடகைக் குடியிருப்பு அவர் முயற்சியால் எழுந்தது.

ஆனால், அவர் மனம் முழுவதையும் கொடுத்தது சமாதானத்துக்குத்தான். நியூயோர்க் மாநிலத்தில் மொஹொங்க் ஏரிக்கரையில், நாடுகளின் பிணக்குகளை நடுவர் மூலம் தீர்ப்பது பற்றி ஆண்டுதோறும் மகாநாடு நடந்து வந்தது. 1897இல் அங்கே சென்ற கின், எட்வர்ட் எவரட் ஹேல் என்ற முதிய போதகரின் பேச்சில் மனம் பறிகொடுத்தார். 1901இல் தாமே அம்மேடையில் பேசினார். படைகளுக்கும் போர்க்கப்பல்களுக்கும் அரசாங்கங்கள் கோடி கோடியாய்க் கொட்டுகின்றன. சமாதானத்துக்கோ யாரும் ஒரு நிதியைக்கூட வைக்கவில்லை. முழுநேரமும் அதற்கே உழைக்கும் ஆட்களும் பணமும் வேண்டும் என்பது அவர் வாதம். வியாபாரிக்கே உரிய பேச்சு! எனக்கு அதில் குறை தெரியவில்லை. நல்ல காரியங்கள் பல பணமில்லாமல் படுத்துப்போனதை நாமும் கண்டவர்கள்தாமே.

போருக்கு எதிரான நூல்களை மலிவு விலையில் வரிசையாக வெளியிட்டார். இனிவரும் போர் பதுங்குகுழிகளுக்குள் முடங்கி நாடுகளையே தேய்த்துவிடும் என்று முன்கூட்டியே எச்சரித்த ஜான் பிளொக்கின் நூலும் அவற்றில் ஒன்று. ஆயுதத்தை ஒரே நாளில் கீழே போடச் சொல்லவில்லை அவர். எல்லா நாடுகளும் சேர்ந்து ஒரு கூட்டுப் படையை வைத்துக்கொள்ளட்டும், தனித்தனிப் படைகள் மெல்லக் குறையட்டும் என்றார். கள்வனுக்குப் பயந்து வீட்டுக்கு வீடு துவக்கு வாங்காமல், ஊருக்கு ஒரு பொலிஸ் நிலையம் வைப்பது போல என்று நான் விளங்கிக்கொள்கிறேன். படை என்ற சொல்லையே விரும்பாத சமாதானவாதிகள் சிலருக்கு இது கசந்தது.

பெரியவர்களின் மனதை மாற்றுவது கடினம், பாடசாலையிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஆசிரியரைத் தெரியாத பாடநூல் வியாபாரி உண்டா? 1908இல் பொஸ்டனைச் சேர்ந்த ஃபெனி ஃபேர்ன் அன்ட்ரூஸ் என்ற பெண்மணி ஆசிரியர்களைத் திரட்டி, பாடசாலைகளுக்கான சமாதானச் சங்கமொன்றை நிறுவினார். அதற்குக் கின் பக்கத்திலிருந்து பண உதவி கிடைத்தது. பெண்கள் சங்கங்களிடையே வேலை செய்வதற்கென்றும் அவரது நிறுவனத்தில் ஒரு பிரிவு இயங்கியது.

அந்த நிறுவனம் 1910இல் 'சர்வதேச சமாதானப் பாடசாலை' என்ற பெயரில் பதிவாகி, அவ்வாண்டிலேயே 'உலக சமாதான நிதியம்' ஆனது. தம் பங்காகப் பத்து இலட்சம் டொலரை அவர் அதற்கு ஒதுக்கினார். மற்றச் செல்வந்தர்களும் வந்து சேர்வார்கள் என்ற நம்பிக்கைதான் பலிக்கவில்லை. பெருங் கோடீஸ்வரர் அன்ட்ரூ கார்னகி அதே ஆண்டு டிசம்பரில் ஒரு கோடி டொலர் கொடுத்தார். ஆனால், தம் பெயரிலேயே தனியாக ஓர் அமைப்பை வைத்துக்கொண்டார். கின் மனம் எப்படி இருந்திருக்கும்!

1914 ஜனவரி 21இல் எட்வின் கின் காலமானார். ஏழு மாதங்கள்கூடக் கழியவில்லை; ஐரோப்பா பற்றியெரிந்தது. பிளொக் எழுதிய பதுங்குகுழிகள் பிரான்சின் வயல்களில் உண்மையாகவே தோண்டப்பட்டன. பாடப்புத்தகம் படித்த பிள்ளைகள் இலட்சக்கணக்கில் அவற்றுள் மடிந்தார்கள்.

நிதியமோ மூடப்படவில்லை. 2011 முதல் அது கின் படித்த அதே டவ்ட்ஸில், ஃபிளெச்சர் கல்லூரியோடு இணைந்து இயங்கத் தொடங்கியது. அக்கல்லூரியின் நூலகத்துக்கும் அவர் பெயர்தான். அண்மை ஆண்டுகளில் நிதியத்தின் ஆய்வாளர்கள் அதிகம் எழுதியது பஞ்சங்களைப் பற்றி. மழை பொய்ப்பதைவிட, யுத்தத்தில் மனிதர் வேண்டுமென்றே வழியை மறித்து உணவைத் தடுப்பதாலேயே நம் காலத்தில் பிள்ளைகள் பட்டினியால் சாகிறார்கள் என்று அவர்கள் கணக்கெடுத்துக் காட்டி வருகிறார்கள்.