காரில் ஏறினாலே வாந்தி எடுக்கிறதா உங்கள் நாய்? இஞ்சியைத் தேடும் முன் இதைப் படியுங்கள்!

சென்னையிலிருந்து பள்ளிப்பட்டுக்கு நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான பயணம். ஆடிக்கிருத்திகை, பொங்கல் என்று ஊருக்குக் கிளம்பும் குடும்பங்களில் இப்போது நாயும் ஓர் ஆள். வாலை ஆட்டிக்கொண்டு பின் சீட்டில் ஏறும் அது, திருவள்ளூர் தாண்டுவதற்குள் எச்சில் ஒழுக்க ஆரம்பிக்கும். திருத்தணி மலைக்கோயில் கண்ணில் படும் நேரத்தில், காலையில் சாப்பிட்ட தயிர்சாதம் சீட் கவரில் இருக்கும்.

நம்மில் பலருக்கு பஸ் பயணத்தில் தலைசுற்றும் அதே காரணம்தான் நாய்க்கும். உடல் ஆடுவதை உள்காது உணர்கிறது. கண்ணோ அசையாத சீட்டைப் பார்க்கிறது. இந்த முரண்பாட்டில் மூளை குழம்பி, குமட்டல் வருகிறது. குட்டிகளுக்கு உள்காதின் சமநிலை உறுப்பு முழுதாக வளர்ந்திருக்காது என்பதால் தொல்லை அதிகம். வளர வளர பல நாய்களுக்கு இது தானாகவே குறைந்துவிடும்.

கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, முனகுவது... இவையெல்லாம் வாந்திக்கு முந்தைய எச்சரிக்கைகள். அப்போதே வண்டியை நிழலில் நிறுத்தி, கொஞ்சம் நடக்கவிட்டு, இரண்டு வாய் தண்ணீர் கொடுத்தால் பல நேரம் சீட் தப்பிக்கும்.

செலவே இல்லாத வைத்தியம், காலி வயிறு. கிளம்புவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடலாம். தண்ணீரை நிறுத்த வேண்டாம். ரொம்பச் சின்னக் குட்டிகளைப் பட்டினி போடவும் வேண்டாம். ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கி வைத்தால் காற்று வரும். தலையை வெளியே நீட்ட விடுவது மட்டும் ஆபத்து.

இஞ்சிக்கு வருவோம். 1997-ல் இந்திய ஆராய்ச்சியாளர்கள் நாய்களிடம் இஞ்சியைச் சோதித்தார்கள். சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தால் வரும் வாந்தியை, அசிட்டோனிலும் ஆல்கஹாலிலும் பிரித்தெடுத்த இஞ்சிச் சாறு கணிசமாகத் தடுத்தது. தண்ணீரில் எடுத்த சாறு தடுக்கவில்லை! நம் வீட்டு இஞ்சிக் கஷாயம் தண்ணீரில் போடுவதுதானே? அதோடு, அது மருந்தால் வந்த வாந்தி. கார் பயணத்தால் வந்தது அல்ல. ஆகவே இஞ்சியைப் பெரிதாக நம்பிவிட வேண்டாம். ஒரு சிட்டிகை கொடுத்துப் பார்க்க நினைத்தால்கூட மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ரத்தம் உறைவதில் கோளாறு உள்ள நாய்க்கோ, அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் நாய்க்கோ வேண்டவே வேண்டாம்.

லாவண்டர் மணம் பற்றியும் 2006-ல் ஓர் ஆய்வு வந்தது. காருக்குள் அந்த மணம் இருந்தபோது, பயணத்தில் பரபரக்கும் 32 நாய்கள் அதிக நேரம் அமைதியாகப் படுத்திருந்தன. ஆனால் அது குறைத்தது பரபரப்பை, குமட்டலை அல்ல. எண்ணெயை நாயின் உடம்பில் தடவுவதோ நக்கவிடுவதோ தவறு. பஸ்ஸில் நாம் முகர்ந்துகொண்டே போகும் எலுமிச்சையும் உதவாது. அந்த வாசனை பெரும்பாலான நாய்களுக்கு ஆகாது.

வண்டி கிளம்பும் முன்பே நடுங்கினால், அது பயம். கார் என்றாலே ஊசி போடும் இடம் என்று அது முடிவு கட்டியிருக்கும். நிற்கும் காரில் ஏற்றி உட்கார வையுங்கள். மறுநாள் எஞ்சினை மட்டும் ஓடவிடுங்கள். பிறகு தெருமுனை வரை ஒரு சுற்று. இப்படியே சில வாரங்கள். உண்மையில் நீண்ட நாள் பலன் தருவது இந்தப் பழக்கம்தான்.

வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கான வாந்தி மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். நாய்களின் பயண வாந்திக்கென்றே மரோபிட்டன்ட் என்ற மருந்து இருக்கிறது. எடை பார்த்து மருத்துவர்தான் அளவு சொல்வார். இத்தனை வருடம் நன்றாகப் பயணம் செய்த வயதான நாய் திடீரென வாந்தி எடுத்தாலோ, காரை விட்டு இறங்கிய பிறகும் வாந்தி நிற்காவிட்டாலோ, காரணம் கார் இல்லை. அன்றே கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.